முடவாட்டுக்காலின் அடியிலைக்கு ஒரு சொல்

அண்ணாச்சிக்கும் குழுவினருக்கும் வணக்கம்.

பெரணி (ஃபெர்ன்) வளர்ப்புக் குறிப்புக்கான சொற்பட்டியல் ஒரே சொல்லில் முட்டி நிற்கிறது. முடவாட்டுக்கால் என்ற பெரணியின் அடியில், மரத்தோடு ஒட்டிக் காம்பில்லாமல் பழுப்பாக ஓர் இலை இருக்கிறதே, அதற்கு என்ன பெயர் வைப்பது? கூட்டிலை, சருகிலை, மட்கிலை, ஓக்கிலை என்று நான்கு பரிந்துரைகள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குச் சம்மதமில்லை. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புதிதாகச் சேர்ந்தவர்களுக்காகச் செடியைப் பற்றி முதலில். தாவரவியலில் இதன் பெயர் டிரைனேரியா குவெர்சிஃபோலியா. அக்லேயோமார்பா என்ற பேரினத்தில் சேர்ப்பவர்களும் உண்டு. நம் வேலைக்குப் பழைய பெயரே போதும். மண்ணில் வேர்விடாமல் மரக்கவட்டிலும் பாறையிலும் தொற்றி வளரும். இலை இரண்டு வகை. ஒன்று காம்போடு நீண்டு, ஆழமாகப் பிளவுபட்டு, பச்சையாக நிற்பது. வித்து (ஸ்போர், பெரணிக்கு விதைக்குப் பதில் இதுதான்) பிடிப்பது இதில்தான். இன்னொன்றுதான் நம்முடைய வழக்கு. அது குட்டையாக, அகலமாக இருக்கும். பச்சையாகத்தான் முளைக்கும், சீக்கிரமே பழுத்து முரமுரவென்று காய்ந்துவிடும். ஆனால் உதிராது.

> கூடு மாதிரி இருப்பதால் கூட்டிலை என்றே வைத்துவிடலாமே.

வைக்க முடியாது. பள்ளிப் பாடநூலில் கூட்டிலை என்றால் வேம்பு, புளி, முருங்கை போலச் சிற்றிலைகள் சேர்ந்த இலை. பதினொன்றாம் வகுப்புப் பிள்ளை நம் குறிப்பைப் படித்தால் குழம்பிப்போகும்.

> லத்தீன் பெயரின் பொருளே ஓக்கிலைதானே?

உண்மைதான். லின்னேயஸ் 1753-இல் இதற்குப் பாலிபோடியம் குவெர்சிஃபோலியம் என்று பெயர் வைத்தபோது ஓக் மரத்தின் இலைதான் அவருக்கு நினைவு வந்திருக்கிறது. சுவீடன்காரருக்கு அது வாசலில் நிற்கும் மரம். பாபநாசத்துக்காரருக்கு? மருத மரத்து இலை என்றாலாவது ஆற்றங்கரையைக் காட்டிவிடலாம்.

மட்கிலை என்றால் மட்கிப்போன இலை என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். அதை விட்டுவிடுவோம்.

சருகிலைக்குத்தான் என் பெரிய மறுப்பு. பார்த்தால் சருகு போலத்தான் இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அந்த இலைக்கு வேலை தொடங்குவதே காய்ந்த பிறகுதான். மேலிருந்து விழும் இலை, பட்டைத் துணுக்கு, பறவை எச்சம், காற்றில் வரும் தூசி எல்லாம் அதற்கும் மரத்துக்கும் நடுவே தங்கி மட்குகின்றன. மழை ஈரமும் அங்கேதான் நிற்கிறது. செடியின் வேர் அந்த மட்கில்தான் மேய்கிறது. தரையே இல்லாத செடிக்கு அதுதான் தரை. இதைச் சருகு என்று அச்சடித்துக் கொடுத்தால் என்ன ஆகும்? நம் வீடுகளில் செடி பார்ப்பவர்கள் சுத்தக்காரர்கள். காய்ந்தது கண்ணில் பட்டால் கை தானாகக் கிள்ளும். தொங்குதொட்டியில் வாங்கி வைத்த முடவாட்டுக்காலை இப்படி மொட்டையடித்துவிட்டு, ஏன் வளரவில்லை என்று கேட்பவர்களை நாற்றங்கால்காரர்கள் நிறையப் பார்த்திருப்பார்கள்.

இன்னொரு பக்கம், வறண்ட மாதங்களில் மற்ற இலைகள் பிளவு பிளவாகக் கொட்டி நடுநரம்பு மட்டும் ஈர்க்குச்சி போல நிற்கும். பங்குனி, சித்திரையில் நம் பக்கத்து வெயிலுக்கு இப்படி ஆனால் செடி செத்ததாகப் பொருளில்லை. அப்போது தண்ணீரைக் கொட்டினால் தண்டுதான் அழுகும். லேசாக ஈரம் காட்டிவிட்டுச் சும்மா இருந்தால் மழை தொடங்கியதும் தளிர்க்கும். ஆக, உதிர்கிற இலைக்கும் உதிராத இலைக்கும் சொல்லிலேயே வேறுபாடு தெரிய வேண்டும்.

என் பரிந்துரை: ஏந்திலை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகை. நேற்றும் ஏந்தியது, இன்றும் ஏந்துகிறது, நாளையும் ஏந்தும். பச்சையா காய்ந்ததா என்ற பேச்சே இதில் இல்லை, செய்கிற வேலை மட்டும் இருக்கிறது. நீளும் இலைக்குத் தழையிலை. அதை வித்திலை என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒருவித்திலை, இருவித்திலை என்று பூக்கும் தாவரங்களைப் பிரித்து வைத்திருக்கும்போது அது வம்பு.

கிழங்கு பற்றியும் ஒரு வார்த்தை. கொல்லிமலையில் முடவாட்டுக்கால் கிழங்கு என்றுதான் விற்கிறார்கள், குற்றாலத்துச் சீசன் கடையிலும் அப்படித்தான் கேட்டு வாங்குவோம். செம்பழுப்புச் செதில் ரோமம் போல மூடியிருப்பதால் ஆட்டுக்கால் என்ற பெயர் அச்சாகப் பொருந்துகிறது. முடவனையும் ஆட வைக்கும் கால் என்று சொல்பவர்களும் உண்டு. செதிலைச் சுரண்டி, நறுக்கி, மிளகு, சீரகம், பூண்டு, சின்ன வெங்காயம் தட்டிப் போட்டுக் கொதிக்க வைத்தால் சூப். மூட்டுவலிக்கு இதைக் குடிப்பது பழைய வழக்கம். சீனாவிலும் இதே பேரினத்துச் செடி ஒன்றின் தண்டை எலும்பு முறிவுக்குக் கொடுக்கிறார்கள். இதன் சாற்றுக்கு வீக்கத்தைக் குறைக்கும் குணம் இருப்பதாக எலிகளில் செய்த சோதனைகள் சொல்கின்றன. அதை வைத்துக்கொண்டு மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்லும் வேலை நமக்கு வேண்டாம். பயன் பகுதியில் ‘வழக்கத்தில் உண்டு’ என்று எழுதினால் போதும்.

சூப்புக்குக் கிழங்கு என்பது சரி. நடுவதற்கு அந்தச் சொல் ஆகாது. கிழங்கு என்று எழுதினால் சேனைக்கிழங்கைப் போலக் குழி தோண்டிப் புதைத்துவிடுவார்கள், புதைத்தால் அழுகும். உண்மையில் அது படர்ந்து ஓடும் தண்டு. நுனிமொட்டும் ஓர் ஏந்திலையும் இருக்கும்படி ஒரு துண்டு வெட்டி, தேங்காய் நாரை அணைத்து, மாமரக் கவட்டிலோ கட்டையிலோ சணலால் கட்டிவிட வேண்டும். முழு வெயில் ஆகாது, வெளிச்சமான நிழல் வேண்டும். வித்து தூவியும் வளர்க்கலாம். ஆனால் முதலில் வருவது நகக்கண் அளவுப் பச்சைத் தகடுதான், அதிலிருந்து செடி எழும்ப ரொம்பப் பொறுமை வேண்டும். நாற்றுக்காக யாரும் களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குள் போய்ப் பிடுங்கக் கூடாது, அது புலிகள் காப்பகம். இதைக் குறிப்பின் முதல் பக்கத்திலேயே போட்டுவிடுங்கள்.

— பாளையங்கோட்டையிலிருந்து


தம்பி,

ஏந்திலை நன்றாக இருக்கிறது. ஒரே ஒரு பயம். நம் ஆட்களில் பாதிப் பேருக்கு ழகரமும் லகரமும் ஒன்றுதான். தட்டச்சில் ஏந்திழை என்று விழுந்துவிட்டால் சங்கப் பாட்டில் நகை பூண்ட பெண் நம் மாமரத்தில் ஏறி உட்கார்ந்துவிடுவாள். மெய்ப்பு பார்ப்பவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்கட்டும்.

தழையிலை எனக்கு முழுதாக ஒட்டவில்லை. தழை என்றாலே இலைதானே, எதற்கு இரட்டிப்பு? வேறு நல்ல சொல் வரும்வரை இருக்கட்டும். கிழங்கை நடவுப் பகுதியிலிருந்து எடுத்துவிட்டேன். அங்கெல்லாம் ‘தண்டு’ என்றே திருத்தியாயிற்று.

— அம்பாசமுத்திரம்


அண்ணாச்சி, அண்ணன் இருவருக்கும் வணக்கம்.

ஏந்திலைக்கு என் ஓட்டும். கூடவே இன்னொன்று. தழையிலையின் அடிப்பக்கத்தில் பக்க நரம்புகளுக்கு இடையே இரண்டு வரிசையாகப் பழுப்புப் புள்ளிகள் வரும். உள்ளே இருப்பது வித்து. செதில்பூச்சி என்று நினைத்து வேப்பெண்ணெய் அடிப்பவர்கள் இருக்கிறார்கள். பாடநூல் அதைச் சோரஸ் என்றே விட்டுவிட்டது. வித்துப்பொட்டு என்று வைத்தால் என்ன? பூச்சி கண்டபடி அப்பியிருக்கும், பொட்டு வரிசையாக இருக்கும் என்று ஒரு வரியும் படமும் சேர்த்தால் நல்லது. படம் நான் எடுத்து அனுப்புகிறேன், இப்போது எங்கள் வீட்டுச் செடியில் பொட்டு இருக்கிறது.

— கடையம்