இல்லினாய் 8ஆவது தொகுதி பழைய மேப் எங்க கிடைக்கும்?

வணக்கம் நண்பர்களே, நாங்க சிகாகோ பக்கத்துல ஷாம்பர்க்ல இருக்கோம், பொண்ணு ஸ்கூல் ப்ராஜெக்ட்டுக்கு இல்லினாய் 8ஆவது காங்கிரஸ் (அமெரிக்க நாடாளுமன்ற) தொகுதில யார் யார் உறுப்பினரா இருந்தாங்கன்னு சார்ட் போடுறா. 2005ல மெலிசா பீன், 2011ல ஜோ வால்ஷ் (300 ஓட்டு கூட வித்தியாசம் இல்லாம ஜெயிச்சவர்), 2013ல டாமி டக்வொர்த், 2017ல நம்ம தமிழ்க் குடும்பத்து ராஜா கிருஷ்ணமூர்த்தி, இதுவரைக்கும் சரி. 1993க்கு முன்னாடி போனா தான் குழம்புது, 8ன்னு தேடுனா சிகாகோ சிட்டியோட ராஸ்டென்கவுஸ்கி 1959ல இருந்து நிக்கிறாரு, எங்க புறநகர் பக்கம் இருந்த ஃபில் க்ரேனுக்கோ அப்ப 12ஆவது தொகுதி, எல்லைய மாத்தி வரைஞ்சதுல நம்பரே இடம் மாறிடுச்சு. எழுதி எழுதி அழிச்சதுல அந்த இடத்துல சார்ட்டே கிழிஞ்சிடுச்சு, பாவம் புள்ள. நம்பர வச்சு போறதா, ஊர வச்சு போறதா? 1970, 80கள்ல இருந்த தொகுதி மேப் தெளிவா எங்க கிடைக்கும்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ், வெள்ளிக்கிழம குடுக்கணும்.