புடலை, காலிஃபிளவர், கேரட், குடைமிளகாய்: மாடியில் நாலுமே சொதப்புது, எங்கே தப்பு?

மொட்டைமாடி_திருச்சி

வணக்கம். கத்தரி, வெண்டை, தக்காளி, கீரை எல்லாம் பிரச்சினை இல்லாம வருது. இந்த நாலுதான் பிடி கொடுக்க மாட்டேங்குது. விவரம் முழுசா தர்றேன்.

மாடியில் காலை 7 முதல் மாலை 5 வரை நேர் வெயில். எல்லாமே 15×15 இன்ச் குரோ பேக் (செடி வளர்க்கிற பை). கலவை: செம்மண், கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்), மண்புழு உரம் ஒவ்வொண்ணும் ஒரு பங்கு. வாரம் ஒருமுறை மீன் அமிலம் (மீனையும் வெல்லத்தையும் நொதிக்கவச்ச திரவ உரம்).

புடலை: கொடி நல்லா ஓடுது. பெண் பூ வருது, பிஞ்சு 2 இன்ச்சிலேயே மஞ்சளாகி விழுது. காலை 8 மணிக்கு பிரஷ்ஷால் மகரந்தம் தடவியும் நிக்கல. தப்பிச்ச ரெண்டு மூணும் கோணலாகி, ஓரிடத்தில் பிசின் மாதிரி வடியுது. பழ ஈ பொறி வாங்கித் தொங்கவிட்டேன், ஒரு ஈகூட விழல.

காலிஃபிளவர்: டிசம்பர் முதல் வாரம் விதைச்சு, ஜனவரி கடைசியில்தான் நாற்றை மாத்தினேன். விதை கவரில் ரகம் பேர் இல்ல. இலை 2 அடி, பூ இல்ல. ஒரே செடியில் எலுமிச்சை அளவு பூ.

கேரட்: குழித்தட்டில் நாற்று விட்டு நட்டது. பிடுங்கினா மூணு கால் நாலு கால்.

குடைமிளகாய்: இலை சுருண்டு, பூ எல்லாம் கொட்டுது.

---

பந்தல்கொடி

புடலையை மட்டும் எடுத்துக்கறேன். உங்களுக்கு ரெண்டு வேற வேற கோளாறு இருக்கு, அதைப் பிரிச்சுப் பார்க்கணும்.

முதல் கோளாறு உங்க 8 மணி. புடலைப் பூ சாயங்காலம் இருட்டும்போது விரியும். இரவில் வர்ற அந்துப்பூச்சிக்குன்னே அமைஞ்ச பூ அது, அதனாலதான் வெள்ளை நிறமும் நூல் நூலான விளிம்பும். காலை 8 மணிக்குப் பார்த்தா அந்த நூலெல்லாம் உள்பக்கம் சுருண்டு நனைஞ்ச பஞ்சு மாதிரி இருக்கும். அதுல பிரஷ் போட்டு என்ன ஆகப்போகுது? சாயங்காலம் ஆறரையிலிருந்து எட்டுக்குள்ள, டார்ச் எடுத்துக்கிட்டு மேலே போங்க. ஆண் பூ நீளக் காம்புல கொத்தா இருக்கும். பெண் பூ தனியா இருக்கும், அடியில் குட்டிப் புடலை தெரியும். அன்னைக்கு விரிஞ்ச ஆண் பூவைக் கிள்ளி, இதழை உரிச்சுட்டு, நடுவில் இருக்கிற மகரந்தத்தைப் பெண் பூவின் நடுவில் இருக்கிற சூலகமுடியில் மெதுவாத் தொட்டுத் தேய்ங்க. ஒரு ஆண் பூ ரெண்டு பெண் பூவுக்குப் போதும். பிரஷ் தேவையே இல்ல.

பீர்க்கும் சுரையும்கூட சாயங்காலப் பூதான். பாகலும் பூசணியும் விடியற்காலை, பூசணிப் பூ பத்து மணிக்கெல்லாம் வாடிடும். கொடிக்காய் எல்லாத்துக்கும் ஒரே நேரம்னு நினைச்சுத்தான் பாதிப் பேர் பிஞ்சை இழக்கறாங்க.

ரெண்டாவது, பிசின் வடியறது பழ ஈ. மகரந்தம் சேராத பிஞ்சில் ஓட்டை இருக்காது, ரெண்டு மூணு நாளில் மஞ்சளாகி வதங்கும். ஈ குத்தின பிஞ்சில் ஊசிமுனை அளவு புள்ளி, அதன்மேல் பிசுபிசுன்னு ஒரு சொட்டு, அந்தப் பக்கம் வளராம காய் வளையும். பிளந்து பாருங்க, வெள்ளைப் புழு வில்லா வளைஞ்சு துள்ளும்.

பொறியில் விழலைன்னா லூர் (ஈயை இழுக்கிற வாசனைப் பொருள்) கவரில் என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. மெத்தில் யூஜினால்னா அது மா, கொய்யா ஈக்கு. கொடிக்காய் ஈக்கு க்யூ லூர் வேணும். கடையில் ரெண்டையும் "பழ ஈ பொறி"ன்னு ஒரே பேர்லதான் தர்றாங்க. சரியான லூரா இருந்தாலும் ஆண் ஈதான் வரும், குத்தறது பெண் ஈ. அதனால பொறியை மட்டும் நம்பாதீங்க. மகரந்தம் சேர்ந்த ரெண்டாம் நாளே பிஞ்சுக்கு நீள வலைப் பை மாட்டுங்க. அடிப்பக்கத்தையும் கட்டணும். காய் முக்கால் அடி தாண்டினதும் கழட்டிடலாம்.

குத்துப்பட்ட பிஞ்சை உரக்குழியில் போடாதீங்க. புழு மண்ணுக்குள்ள இறங்கித்தான் கூட்டுப்புழு ஆகும். கறுப்பு பாலித்தீன் பையில் இறுக்கக் கட்டி ஒரு வாரம் வெயிலில் வையுங்க. பை மண்ணையும் மேல் 2 இன்ச்சுக்கு வாரம் ஒருமுறை கிளறிவிடுங்க.

---

வேப்பம்_புண்ணாக்கு

பந்தல்கொடி அண்ணன் சொன்னதோட கருவாட்டுப் பொறியையும் சேர்த்துக்குங்க. 20×15 செ.மீ. பாலித்தீன் பையில் 3 மி.மீ. துளை ஆறு போட்டு, நனைச்ச கருவாட்டுத் தூள் 5 கிராம் உள்ளே. வாசத்துக்குப் பெண் ஈயும் வரும். பழைய கையேடுகளில் இதோட டைகுளோர்வாஸ்ங்கற பூச்சிமருந்தைச் சேர்க்கச் சொல்லியிருக்கும். அது 2020 கடைசியோட நாட்டிலேயே தடை ஆயிடுச்சு, தேட வேண்டாம். பைக்குப் பதிலா பாட்டிலில் துளை போட்டு, அடியில் சோப்புத் தண்ணி ஊத்தி, தூளை மேலே துணியில் முடிஞ்சு தொங்கவிட்டா போதும். நாத்தம் பிடிக்கும், கீழ்வீட்டுக்காரங்க பக்கம் வைக்காதீங்க.

நாலு செடிக்கும் மேல 50 சதவீத நிழல்வலை போட்டுட்டா பாதிப் பிரச்சினை தீரும்.

---

பந்தல்கொடி

நிழல்வலை குடைமிளகாய்க்குச் சரி. புடலைக்கு வேண்டாம் தம்பி, வெறும் கொடியும் இலையுமாத்தான் போகும். வாராவாரம் மீன் அமிலமும் அதே வேலையைத்தான் செய்யுது, அத்தனையும் தழைச்சத்து. மொட்டு கண்டதும் அதை நிறுத்திட்டு, கைப்பிடி மரச்சாம்பல் பதினஞ்சு நாளுக்கு ஒருதரம் போடுங்க. தலைக்கொடி பந்தலைத் தொட்டதும் நுனியைக் கிள்ளுங்க. பக்கக் கிளையில்தான் பெண் பூ அதிகம்.

---

குளிர்காலக்_காய்

காலிஃபிளவரில் மூணு தப்பு ஒண்ணா நடந்திருக்கு.

ரகம். பூ கட்ட எவ்வளவு குளிர் வேணும்கறது ரகத்துக்கு ரகம் மாறும். ஸ்னோபால் வகைகளுக்கு 10 முதல் 16 டிகிரி வேணும். திருச்சியில் ஜனவரி ராத்திரியே 20 டிகிரி பக்கம்தான். அந்த விதை அங்கே இலையா மட்டும்தான் வளரும், நீங்க என்ன உரம் போட்டாலும். சமவெளிக்குப் பூசா மேக்னா, பூசா தீபாலி மாதிரி முன்பருவ ரகம் வேணும். 20 முதல் 27 டிகிரியிலேயே பூ கட்டும். கவரில் ரகம் பேர் இல்லாத காலிஃபிளவர் விதையை வாங்கவே வாங்காதீங்க.

காலம். டிசம்பரில் விதைச்சா பூ கட்டற நேரம் மார்ச் வெயில். செப்டம்பர் ரெண்டாம் பாதியில் விதைச்சு, அக்டோபர் நடுவில் நட்டா டிசம்பர் கடைசியில் பூ. நடுவில் வடகிழக்கு மழை வரும், பை அடியில் தண்ணி தேங்காம துளைகளைப் பார்த்துக்குங்க.

நாற்று. 25 நாள், மிஞ்சினா 30. நீங்க 50 நாள் குழித்தட்டில் வச்சிருக்கீங்க. வேர் சுத்திக்கிட்டு செடி பட்டினி கிடந்தா, உருவம் சேர்றதுக்கு முன்னாடியே அவசரமாப் பூத்துடும். அந்த எலுமிச்சை அளவுப் பூ அதுதான். அந்தச் செடியைப் பிடுங்கிடலாம், இனி பெருக்காது.

நட்டதும் தழைச்சத்து தாராளமா வேணும். 100 கிராம் கடலைப் புண்ணாக்கை ஒரு லிட்டர் தண்ணியில் மூணு நாள் ஊறவச்சு, பத்து மடங்கு தண்ணி கலந்து, பைக்கு அரை லிட்டர், பத்து நாளுக்கு ஒருமுறை. இலை மூடியிருக்கிற நடுப்பகுதியில் வைரமுதுகு அந்துப்பூச்சியின் பச்சைப் புழு உட்காரும். Bt பொடி (புழுவைக் கொல்லும் பாக்டீரியா மருந்து) 2 கிராம் ஒரு லிட்டருக்கு, சாயங்காலம் மட்டும் தெளிக்கணும், வெயில் பட்டா அதன் வீரியம் போயிடும். பக்கத்தில் ரெண்டு பையில் கடுகு விதைச்சு வையுங்க, அந்து முதல்ல அங்கே போகும். பூ முட்டை அளவு வந்ததும் வெளி இலைகளை மேலே சேர்த்துச் சணலால் தளர்வாக் கட்டணும், இல்லைன்னா மஞ்சளாயிடும்.

கேரட்டுக்கு ஒரே வரி: நாற்று விட்டு நடக் கூடாது. ஆணிவேர் முனை உடைஞ்ச இடத்தில்தான் கிளை பிரியும். மணல் 2, கோகோபீட் 2, சலிச்ச மக்கிய உரம் 1 கலந்து, ஒரு அடி ஆழத்துக்கு நிரப்பி நேரடியா விதைங்க. முளைக்க ரெண்டு வாரம்கூட ஆகும், அதுவரை ஈரச்சாக்கு மூடியிருக்கணும். மூணு இலை வந்ததும் 2 இன்ச்சுக்கு ஒண்ணா விட்டு மத்ததைக் கிள்ளுங்க, பிடுங்கினா பக்கத்து வேர் அசையும்.

---

மிளகாய்_இலை

குடைமிளகாய்க்கு: இலை மேல்நோக்கி படகு மாதிரி சுருண்டா இலைப்பேன். கீழ்நோக்கி மடங்கி, காம்பு நீண்டு, குருத்து தடிச்சா சிலந்தி, அதாவது கண்ணுக்குச் சரியாத் தெரியாத சிலந்திப்பேன். மருந்து வேற வேற. இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் மருந்து 1500 பிபிஎம் லிட்டருக்கு 5 மி.லி., கூடவே நீல ஒட்டும் அட்டை. சிலந்திக்கு நனையும் கந்தகம் லிட்டருக்கு 2 கிராம். எண்ணெய் அடிச்சு ரெண்டு வாரம் ஆகாம கந்தகம் அடிச்சா இலை கருகிடும். உச்சி வெயிலிலும் அடிக்காதீங்க.

பூ கொட்டறதுக்கு மருந்தே கிடையாது. பகல் 32 டிகிரியைத் தாண்டினா பெரும்பாலும் காய் பிடிக்காது. செப்டம்பரில் விதைச்சுப் பாருங்க.

---

மொட்டைமாடி_திருச்சி

லூர் கவரைப் பார்த்தேன், மெத்தில் யூஜினால்தான்! குடைமிளகாய் இலை கீழ்நோக்கித்தான் மடங்கியிருக்கு. போன வாரம்தான் வேப்பெண்ணெய் அடிச்சேன், அதனால கந்தகத்துக்கு இன்னும் ஒரு வாரம் பொறுக்கறேன். ஒரு சந்தேகம்: புடலை நுனியில் கல் கட்டறாங்களே, அவசியமா?

---

பந்தல்கொடி

நீள ரகத்துக்கு மட்டும். காய் ஒரு சாண் ஆனதும் நெல்லிக்காய் அளவுக் கல்லைச் சணலில் கட்டித் தொங்கவிடுங்க, நேரா இறங்கும். பெரிய கல் கட்டினா காம்போட அறுந்துடும். குட்டைப் புடலைக்குத் தேவையில்ல. ஈ குத்தி வளைஞ்ச காய் கல் கட்டினாலும் நிமிராது, அதைப் பறிச்சுப் பையில் போட்டுக் கட்டிடுங்க.