மோரிஸ் மைனர் எஞ்சின் ஓவர்ஹாலுக்குப் பிறகு முதல் ஸ்டார்ட்: ஆயில் பிரஷர் ஏறவில்லை, கார்புரேட்டர் வழியாக வெடிக்கிறது

கேள்வி:

வணக்கம். என்னுடைய மோரிஸ் மைனரின் 948 சிசி ஏ-சீரிஸ் எஞ்சினை முழுவதும் பிரித்து, சிலிண்டர்களைப் போரிங் செய்து, புதிய பிஸ்டன், ரிங், பேரிங், கேம்ஷாஃப்ட், டேப்பட் ஆகியவற்றை நானே பொருத்தி முடித்திருக்கிறேன். பேரிங்குகளுக்கும் கேம் முனைகளுக்கும் அசெம்பிளி லூப் (பொருத்தும்போது தடவும் மசகு) தாராளமாகத் தடவினேன். ஆனால் ஆயில் பம்ப்பை, துடைத்துச் சுத்தமாக வைத்திருந்த நிலையிலேயே, உள்ளே எதுவும் இடாமல் பூட்டிவிட்டேன்.

நேற்று நான்கு பிளக்குகளையும் கழற்றிவிட்டு, தற்காலிகமாக ஒரு மெக்கானிக்கல் ஆயில் பிரஷர் கேஜை இணைத்து, பத்து விநாடி வீதம் ஆறு முறை ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். முள் சிறிதும் அசையவில்லை. முதல் ஸ்டார்ட்டில் பிரஷர் தானாக ஏறிவிடும் என்று நண்பர் ஒருவர் சொன்னதை நம்பி, பிளக்குகளை மாட்டி ஒரு முறை முயன்றேன். எஞ்சின் பிடிக்கவில்லை, சோக் இழுத்த நிலையில் கார்புரேட்டர் வழியாகப் பலத்த சத்தத்துடன் வெடித்தது. அத்துடன் நிறுத்திவிட்டேன். பல மாத உழைப்பை ஒரு நிமிடத்தில் கெடுத்துவிடுவேனோ என்று அஞ்சுகிறேன். அடுத்து எதைப் பார்க்க வேண்டும்?

மறுமொழி 1:

நிறுத்தியது மிகச் சரியான முடிவு. பிளக் இல்லாமல் ஸ்டார்ட்டரில் சுற்றும்போது பேரிங்கின் மீது சுமை மிகக் குறைவு என்பதால், நீங்கள் தடவிய லூப் இதுவரை அதைக் காத்திருக்கும். ஆனால் பிரஷர் ஏறாத எஞ்சினைப் பிடிக்க வைப்பது என்பது வேறு விஷயம். அதை இனி ஒருமுறைகூட முயல வேண்டாம்.

உலர்ந்த பம்ப்புதான் காரணம் என்று நினைக்கிறேன். பம்ப்பின் உள்ளே ஆயில் படலம் இருந்தால்தான் இடைவெளிகள் அடைபட்டு, சம்ப்பிலிருந்து (எஞ்சின் அடியில் உள்ள ஆயில் தொட்டி) ஆயிலை மேலே உறிஞ்ச முடியும். இல்லையென்றால் அது காற்றைத்தான் சுற்றிக்கொண்டிருக்கும். சில எஞ்சின்களில் டிஸ்ட்ரிபியூட்டர் துளை வழியாகக் கம்பியை விட்டு டிரில்லால் பம்ப்பைச் சுழற்றலாம். ஏ-சீரிஸில் பம்ப்பு பிளாக்கின் பின்முனையில் கேம்ஷாஃப்ட்டோடு இணைந்திருப்பதால் அந்த வழி இல்லை.

பதிலாக, பிளாக்கின் பின்பகுதியிலிருந்து ஃபில்ட்டருக்குச் செல்லும் வெளிப்புற ஆயில் குழாயைக் கழற்றி, பிளாக் பக்கத்துத் துளையில் ஆயில் கேன் மூலம் மெதுவாக ஆயிலை ஊற்றுங்கள். பிளக்குகள் கழன்ற நிலையில், டாப் கியரில் போட்டு, சமதரையில் காரைக் கொஞ்சம் பின்னோக்கித் தள்ளுங்கள். எஞ்சின் எதிர்த்திசையில் சுற்றும்போது பம்ப்பு அந்த ஆயிலைத் தன்னுள்ளே இழுத்துக்கொள்ளும். துளையில் ஆயில் மட்டம் இறங்குவதைக் கண்ணால் பார்க்கலாம். இறங்க இறங்க மீண்டும் ஊற்றுங்கள். பிறகு குழாயைப் பூட்டி, ராக்கர் மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு ஸ்டார்ட்டரைச் சுழற்றுங்கள். அப்போதும் கேஜ் அசையாவிட்டால், ரிலீஃப் வால்வு (அதிகப்படி பிரஷரை வெளியேற்றும் வால்வு) திறந்த நிலையில் சிக்கியிருக்கிறதா, கேலரி பிளக் (பிளாக்கினுள் ஆயில் ஓடும் வழிகளை மூடும் அடைப்பான்) ஏதேனும் திரும்பப் போடப்படாமல் விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

மறுமொழி 2:

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். பம்ப்பை மீண்டும் கழற்ற நேர்ந்தால் உள்ளே வாசலின் நிரப்பிப் பூட்டுங்கள், அது ஆயிலில் கரைந்துவிடும். கிரீஸ் வேண்டாம். எளிதில் கரையாத கிரீஸ் துண்டுகள் ஃபில்ட்டரையோ நுண்துளைகளையோ அடைக்கக்கூடும்.

வெடிப்பைப் பொறுத்தவரை, தீப்பொறி விழும் நேரத்தை (டைமிங்) வைப்பதற்கு முதல் சிலிண்டரின் டாப் டெட் சென்டரை, அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் நிலையை, எப்படிக் கண்டுபிடித்தீர்கள்?

கேட்டவர்:

இருவருக்கும் நன்றி. குழாயைக் கழற்றி ஊற்றியபோது ஏறத்தாழ ஒரு கோப்பை ஆயில் உள்ளே சென்றது. பிறகு ஸ்டார்ட்டரைச் சுழற்றினேன். மூன்றாவது முறை முள் திடீரென்று எழுந்து 30 பிஎஸ்ஐ அருகில் நின்றது. சில விநாடிகளில் முன்பக்க ராக்கரின் அடியில் தேன் நிறத்தில் ஒரு துளி திரண்டு, நீண்டு, புஷ்ராட் கிண்ணத்தில் விழுந்தது. அடுத்தடுத்த ராக்கர்களும் வரிசையாக நனைந்தன. அந்தத் துளியைப் பார்த்த பிறகுதான் மூச்சு வந்தது.

டைமிங் குறித்து: முதல் சிலிண்டரின் பிளக் துளையில் மெல்லிய கம்பியை விட்டு, பிஸ்டன் உச்சிக்கு வந்ததைக் கண்டு, அந்த நிலையில் ரோட்டர் முதல் சிலிண்டரின் வயரை நோக்கும்படி டிஸ்ட்ரிபியூட்டரை வைத்தேன்.

மறுமொழி 2:

தவறு அங்கேதான் இருக்க வேண்டும். நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் நான்கு ஸ்ட்ரோக்கும் சேர்ந்த ஒரு முழுச் சுழற்சியில் பிஸ்டன் இரண்டு முறை உச்சிக்கு வருகிறது: அமுக்கத்தின் முடிவில் ஒருமுறை, புகை வெளியேற்றத்தின் முடிவில் ஒருமுறை. கம்பி இரண்டையும் வேறுபடுத்திக் காட்டாது. வெளியேற்றம் முடியும் நேரத்தில் இன்லெட் வால்வு திறக்கத் தொடங்கியிருக்கும். அப்போது தீப்பொறி விழுந்தால் வெடிப்பு கார்புரேட்டரை நோக்கித்தான் திரும்பும்.

ராக்கர் மூடி திறந்திருக்கும்போதே நான்காவது சிலிண்டரைப் பாருங்கள். அதன் இரண்டு ராக்கர்களும் ஒன்று ஏற, ஒன்று இறங்க, தராசு போல அசையும் நொடியில்தான் முதல் சிலிண்டர் தீப்பொறிக்குத் தயாரான உச்சியில் இருக்கும். அந்த நிலையில் ரோட்டர் நான்காவது வயரை நோக்கினால், டிஸ்ட்ரிபியூட்டர் டிரைவ் (டிஸ்ட்ரிபியூட்டரைச் சுழற்றும் தண்டு) நேர்மாறாகப் பொருத்தப்பட்டிருக்கிறது. தீப்பொறி வரிசை 1-3-4-2 என்பதால் 1-ஐயும் 4-ஐயும், 2-ஐயும் 3-ஐயும் மாற்றிச் செருகினாலும் எஞ்சின் ஓடும். ஆனாலும் அடுத்து யாரேனும் அந்தக் காரைத் தொடும்போது குழம்பக்கூடாது என்பதற்காக டிரைவையே திருத்தி வைப்பதை நான் விரும்புவேன். டிஸ்ட்ரிபியூட்டரையும் அதன் ஹவுசிங்கையும் எடுத்தபின், 5/16 அங்குல யுஎன்எஃப் மரையுள்ள நீண்ட போல்ட்டை டிரைவின் நடுத்துளையில் திருகி மேலே இழுத்தால் அது வந்துவிடும். பிறகு பாயிண்ட் இடைவெளியைச் சரிபார்த்து, டெஸ்ட் லேம்ப் வைத்து ஸ்டாட்டிக் டைமிங்கை (எஞ்சின் ஓடாத நிலையில் வைக்கும் டைமிங்) பொருத்துங்கள்.

மறுமொழி 1:

பிடிக்க வைப்பதற்கு முன் ஒரு முக்கியமான எச்சரிக்கை. கேம்ஷாஃப்ட்டும் டேப்பட்டும் புதியவை என்பதால், எஞ்சின் பிடித்த உடனே 2,000 ஆர்பிஎம்முக்கு உயர்த்தி, 1,500-க்கும் 2,500-க்கும் இடையே மெதுவாக மாற்றிக்கொண்டே 20 நிமிடம் ஓட விடுங்கள். ஐட்லிங்கில் விடவே கூடாது. கேம் முனைகளுக்கான ஆயில் பெரும்பாலும் கிராங்க் வீசும் தெறிப்பிலிருந்தே வருகிறது; வேகம் குறைந்தால் தெறிப்பும் குறையும், அதே நேரத்தில் ஸ்பிரிங்கின் முழு அழுத்தமும் கேம் முனையில் விழும். புதிய கேம் தேய்ந்து போவதெல்லாம் பெரும்பாலும் இந்த முதல் சில நிமிடங்களில்தான். ஒவ்வொரு வீண் கிராங்கிங்கும் நீங்கள் தடவிய லூப்பைச் சிறிது சிறிதாக வழித்தெடுக்கும். ஆகவே முதல் முயற்சியிலேயே பிடிக்கும் அளவுக்கு எல்லாம் தயாராக இருக்க வேண்டும்.

மினரல் ஆயிலைப் பயன்படுத்துங்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் கலந்த சேர்மம் போதுமான அளவு இருக்கட்டும். கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரைக் காப்பதற்காக இன்றைய ஆயில்களில் அதைக் குறைத்துவிட்டார்கள். பெட்ரோல் புதிதாக இருக்கட்டும். இக்னிஷனைப் போட்டதும் எஸ்யூ பெட்ரோல் பம்ப்பின் டக்டக் ஒலி வேகம் குறைந்து நின்றால் கார்புரேட்டரின் ஃப்ளோட் கிண்ணம் நிறைந்துவிட்டது என்று பொருள். நிற்காமல் அடித்துக்கொண்டே இருந்தால் கசிவைத் தேடுங்கள். ரேடியேட்டரில் காற்று தங்காதபடி ஹீட்டர் குழாயைத் திறந்து நிரப்புங்கள். தீயணைப்பானுடன் ஒருவர் பக்கத்தில் நிற்கட்டும். பிரஷர் விழுந்தாலோ நீர் கொதித்தாலோ தயங்காமல் அணைத்துவிடுங்கள்.

கேட்டவர்:

டிரைவ் நேர்மாறாகத்தான் இருந்தது. திருத்திய பின் இரண்டாவது சுற்றிலேயே எஞ்சின் பிடித்தது. ஏழாவது நிமிடத்தில் ராக்கர் மூடியின் கேஸ்கெட் ஓரத்தில் ஆயில் கசிந்து சூடான மேனிஃபோல்டில் புகைந்ததால் அணைத்து, கேஸ்கெட்டைச் சரியாக உட்கார வைத்து, மீதி நிமிடங்களையும் அதே வேகத்தில் முடித்தேன். பிரஷர் 60 பிஎஸ்ஐயிலேயே நிலையாக இருந்தது. சூடாக இருக்கும்போதே ஆயிலையும் ஃபில்ட்டரையும் மாற்றினேன். வடித்த ஆயிலில் காந்தத்தை விட்டபோது சாம்பல் நிறப் பசை மட்டும் ஒட்டியது, துகள் எதுவும் இல்லை. நாளை எஞ்சின் முழுவதும் ஆறிய பின் ஹெட் நட்டுகளை மீண்டும் டார்க் செய்து, வால்வு இடைவெளியை 0.012 அங்குலத்தில் சரிபார்த்துவிட்டு, ரிங் படிவதற்காக மிதமான சுமையில் சாலையில் ஓட்டப்போகிறேன்.