கிருமி ஒழிந்த பின்னும் முழங்கால் வீக்கம் தணியாதது ஏன்?

கேள்வி (அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலிருந்து ஒரு தந்தை)

அனைவருக்கும் வணக்கம். 1970களின் நடுவில் சிறுவர்கள் பலருக்கு முழங்கால் வீங்கியதை ஆராய்ந்தபோது கண்டறியப்பட்டு, லைம் என்ற ஊரின் பெயரையே பெற்ற, உண்ணிக் கடியால் பரவும் பாக்டீரியா நோய் எங்கள் மாநிலத்துக்குப் புதிதன்று. உண்ணி கடித்ததையே அறியாத என் 12 வயது மகளுக்கு அந்நோய் மூட்டில் வெளிப்பட்டது. 28 நாட்கள் டாக்சிசைக்ளின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி கொடுத்தோம். பிறகு நரம்பு வழியாக செஃப்ட்ரையாக்சோன் என்ற இன்னொரு நுண்ணுயிர்க்கொல்லியும் ஏற்றினார்கள். மூட்டு நீரில் இப்போது பாக்டீரியாவின் டி.என்.ஏ. தென்படவில்லை. வீக்கம் மட்டும் அப்படியே இருக்கிறது. அடுத்து மெத்தோட்ரெக்சேட் தரலாம் என்கிறார் மருத்துவர். கிருமியால் வந்த நோய்க்கு, கிருமியை எதிர்க்கும் ஆற்றலையே அடக்கும் மருந்தைத் தருவது முரணல்லவா?

மறுமொழி 1 (நோயெதிர்ப்பியல் ஆய்வு மாணவி)

முரண்போலத் தோன்றினாலும் அப்படியன்று, ஐயா. பொரீலியா பர்க்டார்ஃபெரி என்னும் இந்தச் சுருள் பாக்டீரியா திசுவைச் சிதைக்கும் நச்சு எதையும் சுரப்பதாகத் தெரியவில்லை; மூட்டில் நாம் காணும் சேதம் பெரும்பாலும் நம் உடல் மூட்டிய தீயே. பாக்டீரியாவின் மேற்புறத்திலுள்ள கொழுப்புப் புரதங்களை வெள்ளையணுக்களின் டி.எல்.ஆர்-2 என்ற உணர்வி அடையாளம் கண்டதும் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன்கள் என்ற சமிக்ஞைப் புரதங்கள் சுரக்கின்றன. அவற்றோடு கூடவே இன்டர்லூகின்-10 என்ற தணிப்பானும் சுரக்கிறது.

அந்தத் தணிப்பானின் விலையை எலிச் சோதனைகள் காட்டின. இன்டர்லூகின்-10 மரபணு நீக்கப்பட்ட எலிகளின் திசுக்களில் பாக்டீரியா குறைந்தது, மூட்டழற்சியோ கடுமையானது. டி.எல்.ஆர்-2 இல்லாத எலிகளில் பாக்டீரியா பன்மடங்கு பெருகியது. அப்போதும் மூட்டு வீங்காமல் இல்லை. கிருமியின் எண்ணிக்கையும் வீக்கத்தின் அளவும் ஒன்றையொன்று பின்தொடர வேண்டியதில்லை என்பதே இதன் பொருள். ஓரளவு கிருமியைப் பொறுத்துக்கொண்டாலும் திசுவைக் காப்பாற்றலாம் என்ற பேரத்தை உடல் செய்துகொள்கிறது.

மறுமொழி 2 (மூட்டுநோய் மருத்துவர்)

மேலே சொன்னது சரியே. எனினும் ஆய்வக எலியின் மூட்டு காலப்போக்கில் தானே ஆறிவிடும் என்பதால், உங்கள் மகளின் நிலைக்கு மனிதரிடம் கண்டதே நெருங்கிய சான்று. மருந்துக்குப் பின்னும் வீக்கம் தொடர்வோரின் மூட்டு நீரில் அழற்சியைத் தூண்டும் சைட்டோகைனான இன்டர்பெரான் காமா மிகுந்தும், அழற்சியைக் கட்டுப்படுத்தும் ஒழுங்காற்று டி செல்களின் விகிதம் குறைந்தும் காணப்பட்டன. அவ்விகிதம் உயர்ந்திருந்தவர்களுக்கு வீக்கம் விரைவில் வடிந்தது. ஆக, இங்கே பழுதுபட்டது தடுப்புக் கட்டை. சில மரபுவகைகள் இதற்கு வழிகோலுகின்றன என்பதால், பெற்றோர் கவனக்குறைவென்று உங்களை நொந்துகொள்ள வேண்டாம்.

இன்னொரு காரணமும் உண்டு. இந்த பாக்டீரியா வளரும்போது தன் சுவரின் பெப்டிடோகிளைக்கன் துண்டுகளை மறுபடி பயன்படுத்தாமல் வெளியே உதிர்த்துவிடுகிறது. உயிருள்ள கிருமி அகன்ற பின்னும் அத்துண்டுகள் மூட்டு நீரில் தங்கியிருப்பதை 2019இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. குப்பையைக் கண்டு காவலர்கள் இன்னும் விசிலடித்துக்கொண்டிருக்கிறார்கள் எனலாம்.

கேள்வி கேட்டவர்

மிக்க நன்றி, டாக்டர். அப்படியானால் தொடக்கத்திலேயே ஸ்டீராய்டு கொடுத்து அழற்சியை அடக்கியிருக்கலாமே?

மறுமொழி 2

கூடாது. கிருமி உயிரோடிருக்கும்போது அதைக் கொல்வதற்கும் அதே அழற்சி வேண்டும். நுண்ணுயிர்க்கொல்லிக்கு முன்பே மூட்டில் ஸ்டீராய்டு ஊசி போடுவது பரிந்துரைக்கப்படுவதில்லை. கிருமியை ஒழித்த பிறகே தணிப்பு மருந்து என்ற வரிசை இங்கே முக்கியம். உங்கள் மருத்துவர் அந்த வரிசையில்தான் செல்கிறார்.

மறுமொழி 3 (விலங்கியல் ஆசிரியர்)

ஒரு சிறு சேர்க்கை. இந்நோயைப் பரப்பும் கருங்கால் உண்ணியின் குஞ்சுகள் இந்த பாக்டீரியாவைப் பெரும்பாலும் வெள்ளைக்கால் எலியிடமிருந்தே பெறுகின்றன. தொற்றைப் பல மாதங்கள் சுமந்தும் அவ்வெலி நோயுற்றதாகக் காட்டிக்கொள்வதில்லை. வேறு வகை பாக்டீரியாவின் சுவரிலுள்ள நச்சுப்பொருளை ஏற்றிப் பார்த்தபோது, ஆய்வக எலியில் எகிறியதுபோல் அதன் உடலில் இன்டர்பெரான் காமா எகிறவில்லை. டாக்டர் சொன்ன மூட்டு நீரில் மிகுந்திருந்ததும் இதே பொருள்தான் என்பதைக் கவனியுங்கள்.