வாரம் ஒரு போன் வந்தால் அடி நின்றுவிடுமா?

நூல்கொத்தி:
2010இல் ஜாமா மருத்துவ இதழில் வந்த ஹாங்காங் ஆய்வை இப்போதுதான் படித்தேன். துணைவனிடம் வதைபட்ட 200 சீனப் பெண்கள், ஒரு சமூக மையம். பாதிப் பேருக்கு வழக்கமான சேவை மட்டும். மீதிப் பேரிடம் அரை மணி நேரம் நேரில் பேசி, பிறகு 12 வாரம், வாரம் ஒரு போன். மனச்சோர்வு மதிப்பெண்ணில் கிடைத்த கூடுதல் இறக்கம் 2.66. குறைந்தது 5 இறங்கினால்தான் பொருட்படுத்தத்தக்க மாற்றமாம். அடி உதையிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமில்லை. இந்தக் காசைத் தங்குமிடங்களுக்குக் கொடுத்திருக்கலாம்.

கவுலூன்வாசி:
வசவு, மிரட்டல் குறைந்ததும், ஆதரவுக்கு ஆள் இருக்கிறது என்ற எண்ணம் கூடியதும் அதே ஆய்வில்தானே இருக்கிறது? அதை ஏன் விட்டீர்கள்?

இங்கே ஹாங்காங்கில் ஒரு மையத்தில் மூன்று வருடம் தன்னார்வலராகப் போன் பேசியவள் நான். சீனப் பெருநிலத்திலிருந்து கல்யாணமாகி வந்த ஒரு பெண், என் நம்பரை 'டியூஷன் டீச்சர்' என்று சேமித்திருந்தார். அவர் வீடு, தடுத்துத் தடுத்து வாடகைக்கு விட்ட ஒரே அறை. புருஷன் இருந்தால் மூச்சுவிட முடியாது. போனை எடுத்ததும் "இன்னிக்கு வகுப்பு உண்டா டீச்சர்?" என்றால் நான் வைத்துவிட வேண்டும். பின்னால் மீன் வெட்டும் கத்தி பலகையில் விழும் சத்தம் கேட்டால் சந்தையில் இருக்கிறார், பேசலாம். ஐந்தாவது வாரம்தான் அடியைப் பற்றி வாய் திறந்தார். வீட்டு அசிங்கத்தை வெளியே கொண்டுபோகாதே என்று சீனத்தில் ஒரு பழமொழி உண்டு. அதைக் கேட்டே வளர்ந்தவர் முதல் நாளே தங்குமிடத்துக்கு வந்துவிடுவாரா?

சட்டக்கல்:
உங்கள் உழைப்பை மதிக்கிறேன் சகோதரி. ஆனால் போனை வைத்த பிறகு அவர் போவது அதே அறைக்குத்தானே? ஆய்வு நடந்த 2007–09இல், பெருநிலத்திலிருந்து வந்தவர் பொதுவாக 7 ஆண்டு வசித்திருந்தால்தான் ஹாங்காங் அரசின் உதவித்தொகை. 2013 டிசம்பரில் இறுதி மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்த விதியை ரத்துசெய்த பிறகே அது ஓராண்டானது. கையில் காசில்லாதவளின் மனச்சோர்வு போனில் எப்படி இறங்கும்?

பெருநிலத்தையும் பாருங்கள். 2016 மார்ச் 1 முதல் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பாதுகாப்பு ஆணை கேட்டால் நீதிமன்றம் 72 மணி நேரத்தில், அவசரமென்றால் 24 மணி நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். சண்டை போட வேண்டியது இதை நடைமுறைப்படுத்தத்தான். 2021இல் விவாகரத்துக்கு 30 நாள் காத்திருப்பு வேறு வைத்துவிட்டார்கள். அடிவாங்குகிறவள் ஒரு மாதம் என்ன செய்வாள்?

நூல்கொத்தி:
ஒரு திருத்தம். அந்த 30 நாள் இருவரும் ஒத்துப் பதிவுசெய்யும் விவாகரத்துக்கு மட்டும். வழக்குப் போட்டால் கிடையாது.

சட்டக்கல்:
சரிதான், அவசரத்தில் எழுதிவிட்டேன். ஆனால் வழக்கென்றால் முதல் தடவை பெரும்பாலும் தள்ளுபடிதானே ஆகிறது!

வயல்வரப்பு:
ஆதரவு, சட்டம் இரண்டையும் ஏன் பிரிக்கிறீர்கள்? ஹூபெய் மாகாணத்தின் ஜியான்லியில் வான் ஃபெய் என்ற ஓய்வுபெற்ற காவல் அதிகாரி வன்முறைக்கு எதிரான ஓர் அமைப்பு நடத்துகிறார். 2020 பிப்ரவரியில், ஊரடங்கின்போது, அங்கே போலீஸுக்கு வந்த புகார் 162 என்றும் முந்தைய ஆண்டு அதே மாதம் 47 என்றும் சொன்னவர் அவர்தான். காவல் நிலையம் தெரிந்த ஆள் பக்கத்தில் நின்றால் புகார் கொடுக்கப் போகிறவளை 'குடும்ப விஷயம், வீட்டுக்குப் போம்மா' என்று லேசில் அனுப்பிவிட முடியாது.

சட்டக்கல்:
அப்படி எத்தனை ஊரில் ஆள் கிடைப்பார்? தனி மனிதரை நம்பி ஒரு நாட்டுப் பெண்களை விட முடியாது. போன் திட்டத்தைக் காட்டி 'செய்கிறோமே' என்று அரசு ஒதுங்கிக்கொள்ளும். என் பயம் அதுதான்.

கவுலூன்வாசி:
அந்தப் பயம் எனக்கும் உண்டு. வீடும் காசும் போனில் வராது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பெண் ஒன்பதாவது வாரம், மகனின் பிறப்புச் சான்றையும் தன் அனுமதிச் சீட்டையும் அரிசி டப்பாவுக்கு அடியில் ஒளித்துவைத்துவிட்டதாகச் சொன்னார். எப்போது கிளம்புவேன் என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அந்த ஆய்வில் இதை எந்தக் கட்டத்தில் குறித்திருப்பார்கள் நூல்கொத்தி?

நூல்கொத்தி:
கட்டமே இல்லை. தங்குமிடத்துக்குத்தான் முதல் பணம் என்பதில் நான் மாறவில்லை. ஆனால் அந்தத் தங்குமிடத்து நம்பர் அவர் கைக்குப் போனது உங்கள் வழியாகத்தானே?

கவுலூன்வாசி:
ஆமாம். மூன்றாவது வாரம். மீன் கடைக்காரர் பேனா கொடுத்தார்; உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.