அரியலூரில் பெண்கள் அதிகமா, குறைவா?

டெல்டா பக்கம் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. சமூகவியல் மாணவர்களுக்கு ஆய்வு முறைகள் பாடம் எடுக்கிறேன். "கணக்கு வராதுன்னுதான் சார் இந்த குரூப்பே எடுத்தோம்" என்பது வருஷா வருஷம் கேட்கும் வசனம். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிவர மென்பொருளில் ஆரம்பித்தால் பாதிப் பேர் அடுத்த வகுப்புக்கு வர மாட்டார்கள். அதனால் அரியலூரில் ஆரம்பிப்பேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் அரியலூர் மாவட்டத்தில் 1000 ஆண்களுக்கு 1015 பெண்கள். போர்டில் எழுதியதும் ஜெயங்கொண்டம் பக்கத்துப் பையன் ஒருவன், "பார்த்தீங்களா சார், எங்க ஊர்ல பொம்பளப் புள்ளைங்கள ஒதுக்கறதில்ல" என்றான். நான் பதில் சொல்லாமல் ஆறு வயது வரையிலான குழந்தைகளின் எண்ணிக்கையைக் கீழே எழுதினேன்: ஆண் 42,021, பெண் 37,690. போனில் வகுத்துப் பார்த்தார்கள். 1000-க்கு 897.

"சார், எதையோ மாத்தி எழுதிட்டீங்க." இரண்டும் சரிதான் என்றதும் வகுப்பு சூடு பிடித்தது. பின் பெஞ்சிலிருந்து ஒரு பெண், "எங்க அப்பா குவைத்துல, சித்தப்பா திருப்பூர்ல. அவங்கள இங்க யாரு எண்ணியிருப்பாங்க?" என்றாள். இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். ஆண்கள் வெளியூர் போக, ஆயுள் கூடிய பாட்டிகள் ஊரில் இருக்க, மொத்த விகிதம் ஏறிவிடும். குழந்தைகள் பிழைப்புத் தேடிப் போவதில்லையே. இயற்கையாகவே 1000 ஆணுக்கு ஏறக்குறைய 950 பெண்தான் பிறக்கும் என்று வைத்தாலும் 897 இடிக்கிறது. நீலகிரியில் அதே வயதுக்கு 985.

உடனே ஒருவன் ஒரு சாதியின் பெயரைச் சொன்னான். "இந்த அட்டவணையில் சாதி எங்கே இருக்கிறது, காட்டு" என்றேன். மாவட்டக் கணக்கை வைத்து எந்தக் குடும்பத்தையும் எந்தச் சாதியையும் கை காட்ட முடியாது. இதைப் புரியவைக்கத்தான் அந்த வகுப்பில் பாதி நேரம் போனது. போனாலும் பரவாயில்லை, மற்றதை எல்லாம் மென்பொருள் செய்துவிடும்.

பழைய கணக்கு என்று சிலருக்குக் குறை. 2021-இல் எடுக்க வேண்டியதை எடுக்கவில்லை, என்ன செய்ய? அப்புறம் ஒரு மாணவி, "அப்போ எனக்கு அஞ்சு வயசு சார், அந்த 37,690-ல நானும் ஒருத்தி" என்றாள். அடுத்த வாரம் கடலூர்க் கணக்கை அவர்களே எடுத்து வந்தார்கள். 896. ஜெயங்கொண்டத்துப் பையன் முகத்தில் அன்றுதான் சிரிப்பு.

தேர்வில் வருவது என்னவோ இன்னமும் 'சராசரி என்றால் என்ன?' தான்.