காதுகுத்து விருந்துக்குப் பிறகு 23 பேருக்கு பேதி, மலப் பரிசோதனைக்கு வழி சொல்லுங்க

கொருக்குப்பேட்டையில ஞாயிறு மதியம் அக்கா பையனுக்குக் காதுகுத்து. 60 பேர் சாப்பிட்டோம். திங்கள் விடியற்காலையிலிருந்து செவ்வாய் ராத்திரிக்குள்ள 23 பேருக்குக் காய்ச்சல், வயித்துவலி, தண்ணியா பேதி. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமியோட விஷமா இருந்தா சில மணி நேரத்துலயே வாந்தி வந்திருக்கும். சால்மொனெல்லா கிருமின்னா அறிகுறி தெரிய 6 முதல் 72 மணி நேரம் ஆகும், அதான் எனக்குச் சந்தேகம்.

வீடு வீடா போய் யார் என்ன சாப்பிட்டாங்கன்னு நோட்டுல எழுதினேன். பிரியாணி எல்லாருமே சாப்பிட்டாங்க. மயோனைஸ் தொட்ட 28 பேர்ல 21 பேர் படுத்துட்டாங்க, தொடாத 32 பேர்ல 2 பேர்தான். அந்த மயோனைஸுக்குப் பச்சை முட்டையை மிக்ஸியில அடிச்சதை அம்மா பார்த்திருக்காங்க. எவர்சில்வர் தூக்குல ரெண்டு மணி நேரம் வெயில்ல இருந்துச்சு. 2025 ஏப்ரல்ல தமிழ்நாடு அரசு ஒரு வருஷம் தடை பண்ணினதே இந்தப் பச்சை முட்டை மயோனைஸைத்தான்.

புகார் கொடுத்தாச்சு, புகார் வாங்கினவங்க மிச்ச சாப்பாடு கேட்டாங்க, ஆனா அதைக் கொட்டிட்டோம். கிளினிக்ல டெஸ்ட் இல்லாமலே ஆன்டிபயாடிக். லேப்ல சாதா மலப் பரிசோதனைதான், கல்ச்சர் (கிருமியை வளர்த்து எதுன்னு பார்க்கிற டெஸ்ட்) பண்ணல. என் பொண்ணு உட்பட மூணு பேர் இன்னும் ஆன்டிபயாடிக் மாத்திரை தொடங்கல, அதனால இவங்க மலத்துல கிருமி கிடைக்க வாய்ப்பு அதிகம்.

வடசென்னையில இவங்க மலத்தை இன்னைக்கே எங்க கொடுத்தா கல்ச்சர் பண்ணுவாங்க?